தரம் 10 கணிதத்தை யாரிடம் கொடுப்பது? பட்டம், பயிற்சி, அனுபவம், ரியூசன் – ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் எந்த நடுத்தரப் பாடசாலையை எடுத்தாலும், புதிய ஆண்டுக்கு நேரசூசி போடுகிற நாளில் அதிபர் முன்னால் கிடக்கிற தெரிவு ஏறக்குறைய ஒன்றுதான். கணிதப் பட்டத்தோடு அண்மையில் நியமனம் பெற்று வந்த ஒருவர் இருப்பார். தேசிய கல்வியியற் கல்லூரியில் கணிதம் பயின்ற டிப்ளோமா ஆசிரியர் ஒருவர் இருப்பார். வேறு பாடத்துக்கு நியமனம் பெற்று, ஆளில்லாத காரணத்தால் வருடக்கணக்காகக் கணிதமும் படிப்பிக்கிற மூத்தவர் ஒருவர் இருப்பார். இவர்களுக்கு வெளியே, பழைய மாணவர் சங்கம் காசு தந்து மாலை வகுப்புக்குக் கொண்டுவரத் தயாராக இருக்கிற பெயர்பெற்ற ரியூசன் ஆசிரியர். இவர்களில் தரம் 10, 11 யாருக்கு, தரம் 6, 7 யாருக்கு? விஞ்ஞானத்திலும் இதே கேள்விதான், ஆய்கூடம் ஒன்று கூடச் சேரும்.

வழக்கமான விடை எல்லோருக்கும் தெரியும். பட்டதாரிக்கு சாதாரணதர வகுப்பு, மூத்தவருக்கு அவர் கேட்டது, மிஞ்சியவருக்குத் தரம் 6. இந்த ஒழுங்கு பிள்ளைகளுக்கு நட்டம். நியமனக் கடிதத்தில் எழுதியிருக்கிற தகைமையை விட வேறொரு தகைமைதான் பெறுபேற்றோடு நெருக்கமாக ஒட்டி நிற்கிறது: இந்தக் கணக்கில் பிள்ளை எங்கே பிழைவிடும், ஏன் விடும் என்று வகுப்புக்குள் போகமுதலே சொல்லக்கூடியவரா என்பது. ஒரு மாலை ஒதுக்கினால் அதைப் பார்த்துக்கொள்ளலாம். அந்த முறையைக் கீழே தருகிறோம். அதற்கு முதல் நால்வரையும் ஒவ்வொருவராக எடுப்போம்.

பட்டம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்

பாட அறிவு முக்கியம். பெரு நாட்டில் தரம் 6 மாணவர்களையும் அவர்களுடைய ஆசிரியர்களையும் சோதித்து 2012இல் வெளிவந்த ஆய்வு, ஒரே ஆசிரியரிடம் கணிதமும் வாசிப்பும் படித்த பிள்ளைகளை எடுத்து, ஆசிரியர் எந்தப் பாடத்தில் வல்லவரோ அந்தப் பாடத்தில் அதே பிள்ளை கூடுதலாகச் செய்கிறதா என்று பார்த்தது. கணிதத்தில் செய்தது. ஆசிரியரின் அறிவு ஒரு நியம விலகல் (புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) கூட, மாணவரின் புள்ளி ஏறக்குறைய 0.09 நியம விலகல் கூடியது. எண் சிறிதுதான். ஆனால் வீடு, வசதி, பிள்ளையின் கெட்டித்தனம் எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சிய எண் அது.

அதே நேரம் பட்டத்தின் உயரம் கூடக்கூடப் பலனும் கூடிக்கொண்டே போகும் என்பதில்லை. டேவிட் மொங்க் 1994இல் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலைகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் எடுத்த கணிதப் பாடநெறிகள் ஐந்து வரைக்கும் பிள்ளைகளின் முன்னேற்றத்தோடு நன்றாகச் சேர்ந்து நின்றன. அதற்குமேல் பலன் தேய்ந்தது. கணிதத்தை எப்படிக் கற்பிப்பது என்ற பாடநெறிகள் வெறும் கணிதப் பாடநெறிகளை விடக் கூடுதலாக உதவின. டெக்சாஸ் மாநிலத் தரவுகளை வைத்து ரிவ்கின், ஹனுஷெக், கெயின் மூவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, முதுமாணிப் பட்டம் பெற்றிருப்பதால் மாணவர் பெறுபேறு உயர்ந்ததாகக் காணவில்லை.

புதிய பட்டதாரியின் பலமும் பலவீனமும் எங்கே வெளிப்படும் என்பதை ஒரு கொப்பியில் காட்டலாம். தரம் 9இல் இப்படி ஒரு வரி அடிக்கடி கிடைக்கும்:

2(க − 3) − 3(க − 2) = 2க − 6 − 3க − 6 = −க − 12

சரியான விடை −க. பட்டதாரி சிவப்புப் பேனையால் பிழை போட்டு, சரியான வரியைப் பலகையில் எழுதி, "குறியைக் கவனியுங்கோ" என்பார். பிள்ளை தலையாட்டும். அடுத்த கிழமை அதே பிழை திரும்ப வரும், ஏனென்றால் அது கவனக்குறைவால் வந்ததல்ல. அடைப்புக்கு முன்னால் நிற்கிற கழித்தல் அடையாளத்தைப் பிள்ளை தனிக் கட்டளையாக வாசிக்கிறது. பெருக்குகிற எண் 3 என்றுதான் அதற்குத் தெரியும். −3 என்ற ஒரே எண்ணாக அதைப் பார்க்கவேயில்லை. ஆகவே 3 தர 2, 6. முன்னால் நின்ற கழித்தல் அப்படியே நிற்கிறது. இதை அறிந்த ஆசிரியர் குறிவிதியைத் திரும்பச் சொல்லமாட்டார். "'க'வுக்கு 5 போட்டுப் பார்" என்பார். கேட்ட கோவை 2 × 2 − 3 × 3 = −5 என்று வரும்; பிள்ளையின் விடை −17 என்று வரும். இரண்டும் ஒன்றில்லை என்று பிள்ளையே கண்டபிறகு 10 − 3(5 − 2) என்ற வெறும் எண் கணக்குக்கு இறக்குவார். அடைப்பை முதலில் சுருக்கினால் 1, தன் முறையில் விரித்தால் −11. எந்த இடத்தில் வழி பிரிந்தது என்பதைப் பிள்ளை தானே சுட்டிக்காட்டும்.

இந்தத் திறமை பட்டத்தோடு தானாக வருவதில்லை. ஆனால் பட்டம் தருகிற ஒன்றை மற்றவர்களிடம் காண்பது அரிது. வட்டத் தேற்ற நிறுவலில் பிள்ளை புத்தகத்தில் இல்லாத வழியொன்றில் போனால், அது சரியா பிழையா என்று அந்த இடத்திலேயே சொல்லப் பாட அறிவு வேண்டும். அது இல்லாதவர் "அப்பிடிச் செய்யக்கூடாது, இப்பிடித்தான்" என்று மறித்துவிடுவார். வகுப்பிலேயே நன்றாக யோசித்த பிள்ளை அன்றோடு யோசிப்பதை நிறுத்தும்.

கல்வியியற் கல்லூரியில் பயின்றவர்

இவர் இரண்டு ஆண்டு கல்லூரியிலேயே தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு முழுக்கப் பாடசாலை ஒன்றில் பயிற்சி முடித்து வருகிறார். முதல் நாளிலிருந்தே பாடத்தை எப்படித் தொடங்குவது, எந்த உபகரணம் எப்போது என்ற ஒழுங்கு இவரிடம் இருக்கும். ஜேர்மனியில் தரம் 10இன் 194 கணித வகுப்புகளை ஓராண்டு பின்தொடர்ந்து 2010இல் வெளிவந்த ஆய்வு, ஆசிரியர்களின் கணித அறிவையும் கணிதத்தைக் கற்பிக்கும் அறிவையும் வேறுவேறு சோதனைகளால் அளந்தது. மாணவரின் முன்னேற்றத்தோடு கூடுதலாகப் பொருந்தியது இரண்டாவதுதான். அது வேலைசெய்த வழி இரண்டு: அந்த ஆசிரியர்கள் பிள்ளையை யோசிக்கவைக்கும் கணக்குகளைத் தெரிவுசெய்தார்கள், தடுமாறுகிற பிள்ளைக்குக் கிட்டப்போய் உதவினார்கள். ஆனால் அந்த ஆய்வே இன்னொன்றையும் சொல்லுகிறது: கணித அறிவு மெலிந்தால், கற்பிக்கும் அறிவும் அதற்குமேல் வளராது.

டிப்ளோமா ஆசிரியரை மதிப்பிடும்போது இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தரம் 6 தொடக்கம் 9 வரை பெரும்பாலும் இவரே சிறந்த தெரிவு. தரம் 10, 11க்குப் போனால் நிகழ்தகவு, வட்டத் தேற்றங்கள், முக்கோணிகளின் ஒருங்கிசைவு நிறுவல்கள் போன்ற இடங்களில் சிலர் செய்முறையை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். "ஏன்?" என்று கேட்டால் புத்தகப் பக்கத்தைக் காட்டுவார்கள். அதற்கு மருந்து கிழமைக்கு ஒரு பாடவேளை பட்டதாரியோடு ஒன்றாக இருந்து அடுத்த அலகின் கணக்குகளைச் செய்துபார்ப்பது. இருவருக்கும் அந்தப் பாடவேளை நேரசூசியிலேயே காலியாக இருக்கவேண்டும். "நேரம் கிடைக்கும்போது கதையுங்கோ" என்று விட்டால் முதல் மாதத்திலேயே பதிலீட்டுக் கடமை அந்த நேரத்தை விழுங்கிவிடும்.

மூத்தவரின் இருபது வருடம்

அனுபவத்தின் பலன் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளுக்குள் வந்துவிடுகிறது என்பதே டெக்சாஸ் ஆய்வின் முடிவு. அதற்குப் பிறகும் மெதுவான வளர்ச்சி உண்டு என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் காட்டின. நேரசூசி போடுபவருக்கு இவற்றை விடப் பயன்படுவது பென் ஒஸ்ட் 2014இல் வெளியிட்ட ஆய்வு. வட கரோலினாவின் ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களில், ஒரே தரத்தைத் தொடர்ந்து படிப்பித்தவர்கள் தரம் மாறிமாறிப் படிப்பித்தவர்களை விடக் கணிதத்தில் வேகமாக முன்னேறினார்கள். மொத்தச் சேவைக்காலத்தை மட்டும் பார்க்காமல், அதே தரத்தில் எத்தனை வருடம் என்று கேட்கவேண்டும். எங்கள் பாடசாலைகளிலோ ஆசிரியரை இந்த வருடம் தரம் 7, அடுத்த வருடம் தரம் 10, அதற்கடுத்தது தரம் 6 என்று வசதிக்கு ஏற்ப உருட்டுகிறோம். இருபது வருடம் சேவை செய்தவர் தரம் 7ஐ மூன்றே மூன்று தடவைதான் படிப்பித்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். வேறு பாடத்திலிருந்து கணிதத்துக்கு வந்தவர்களில் சிலருக்கு அந்தப் பாடத்தில் உள்ளூரப் பயம் உண்டு. அமெரிக்காவில் முதலாம், இரண்டாம் தர ஆசிரியைகளை வைத்து 2010இல் செய்த ஆய்வில், கணிதப் பயம் கூடிய ஆசிரியையின் வகுப்பில் சில பெண்பிள்ளைகள் ஆண்டு முடிவில் "கணக்கு ஆம்பிளைப் பிள்ளைகளுக்குத்தான்" என்ற எண்ணத்தை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுடைய கணித அடைவும் குறைந்தது. "எனக்கும் அந்த நாளில் கணக்கு வராது பிள்ளையள்" என்று ஆறுதலுக்குச் சொல்லுகிற வசனத்தைத் தரம் 6 வகுப்புக்குள் சொல்லவே கூடாது.

மூத்தவரிடம் வகுப்புக் கட்டுப்பாடும், ஊர்ப் பெற்றோரோடு உறவும், வராத பிள்ளையை வீடு தேடிப்போய்க் கூட்டிவருகிற பொறுப்பும் இருக்கும். அது பெரிய சொத்து. பாட அறிவு போதுமானதாக இருந்தால் அவரை ஒரே தரத்தில் மூன்று வருடம் நிறுத்துங்கள். போதாது என்றால், கணிதத்தில் பின்தங்கிய பிள்ளைகளின் வரவையும் வீட்டுவேலையையும் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்து, கற்பித்தலை மற்றவரிடம் விடுவது நல்லது.

விஞ்ஞானத்தில் சோதனை தெளிவாகத் தெரியும்

பிலிப் சாட்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்க நடுநிலை வகுப்புகளின் 181 பௌதிக விஞ்ஞான ஆசிரியர்களிடம் மாணவர்களுக்குக் கொடுத்த அதே பல்தேர்வு வினாக்களைக் கொடுத்தார்கள். சரியான விடையைக் குறிக்கவேண்டும். மாணவர்கள் கூடுதலாகத் தெரிவுசெய்யப்போகும் பிழையான விடையையும் குறிக்கவேண்டும். 2013இல் வெளிவந்த முடிவு: பிள்ளைகளிடம் வலுவான தவறான கருத்து இருக்கிற வினாக்களில், இரண்டையும் அறிந்த ஆசிரியரின் வகுப்பே நன்றாக முன்னேறியது. சரியான விடையை மட்டும் அறிந்தவரின் வகுப்பு அவ்வளவாக நகரவில்லை. வாசிப்பிலும் கணிதத்திலும் பலவீனமான பிள்ளைகளுக்கு இந்தப் பலன் மிகக் குறைவாகவே போய்ச் சேர்ந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. அவர்களுக்கு வினாவை வாசித்து விளங்கவைக்கிற வேலை முதலில் வேண்டும்.

மின்னோட்டத்தை எடுங்கள். இரண்டு உலர்கலம், ஓர் ஆளி, தொடராக இரண்டு மின்குமிழ். "முதல் குமிழ் கொஞ்சம் கரண்டைச் செலவழித்துவிடும், இரண்டாவது மங்கலாக எரியும்" என்று பாதி வகுப்பு நினைக்கும். தெரிந்த ஆசிரியர் ஆளியை மூடமுதல் இந்த எதிர்வுகூறலை ஒவ்வொரு பிள்ளையையும் கொப்பியில் எழுதவைப்பார். பிறகுதான் ஆளி. அம்பியர்மானியை முதல் குமிழுக்கு முன்னும், இரண்டுக்கும் இடையிலும், கடைசியிலும் வைத்து மூன்று வாசிப்பும் ஒன்றே என்று காட்டுவார். இங்கே ஒரு பொறி உண்டு. ஆய்கூடப் பெட்டியில் இருக்கிற குமிழ்கள் இரண்டும் 2.5 வோல்ற்று என்று எழுதியிருந்தாலும், மின்னோட்ட அளவு வேறாக இருந்தால் ஒன்று பிரகாசமாகவும் மற்றது மங்கலாகவும் எரியும். பிள்ளைகள் "பாத்தீங்களோ சேர், நாங்கள் சொன்னது சரி" என்பார்கள், தவறான கருத்துக்கு ஆய்கூடமே சாட்சி சொன்னதாகிவிடும். முதல்நாளே குமிழ்களைச் சோடி சேர்த்துப் பார்த்துவைக்கவேண்டும். அப்படியும் வித்தியாசம் வந்தால், இரண்டு குமிழையும் இடம் மாற்றிப் போட்டால் மங்கல் குமிழோடு சேர்ந்தே நகரும். சுற்றில் எந்த இடம் என்பதற்கும் மங்கலுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்துவிடும். ஒரு விஞ்ஞான ஆசிரியரிடம் "இந்தப் பரிசோதனையில் என்ன பிழைக்கும்?" என்று கேட்டுப்பாருங்கள். அவர் சொல்லுகிற விடை, அவருடைய சான்றிதழ்க் கோப்பை விடக் கூடுதலாகச் சொல்லும்.

ரியூசன் ஆசிரியர்

யாழ்ப்பாணத்தில் இந்தத் தெரிவைத் தவிர்த்து எழுதமுடியாது. நல்ல ரியூசன் ஆசிரியருக்குக் கடந்தகால வினாத்தாள்களும் புள்ளித்திட்டமும் விரல்நுனியில் இருக்கும். எந்தப் படிக்கு எத்தனை புள்ளி, எந்த வினாவைக் கடைசிக்கு விடலாம் என்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. 60, 65 எடுக்கிற பிள்ளையை 75க்கு மேல் கொண்டுபோக அது உண்மையாகவே உதவும்.

மண்டபம் நிறையப் பிள்ளைகள் இருக்கும்போது அவரால் கொப்பி பார்க்கமுடியாது. அந்த −க − 12 அவருடைய கண்ணில் படவே படாது. "விளங்கிச்சுதோ?" என்பார், "ஓம் சேர்" என்று முழு மண்டபமும் சொல்லும். சித்திக்கு வேண்டிய 35ஐத் தொடமுடியாமல் நிற்கிற பிள்ளைதான் அதில் முதலாவதாகச் சொல்லும். ஆகவே பழைய மாணவர் சங்கத்தின் காசு சித்தி வீதத்தை உயர்த்துவதற்காக வருகிறது என்றால், அதைப் பெரிய மண்டப வகுப்பில் போடுவது பொருத்தமில்லை. அதே காசில் பாடசாலையின் சொந்த ஆசிரியர் ஒருவர், பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேற்படாத குழுவை, கிழமைக்கு இரண்டு மாலை எடுக்கலாம். சாதாரணதரக் கணிதத்தின் முதலாம் வினாத்தாளில் பகுதி அ-வில் வருகிற 25 குறுவினாக்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பிள்ளையும் எந்த வகைக் கணக்கில் விழுகிறது என்று பெயர்வாரியாகக் குறித்துக்கொண்டு போகவேண்டும்.

ஒரு மாலையில் பார்க்கும் முறை

கடந்த தவணைப் பரீட்சையின் விடைத்தாள்களில் முப்பதை எடுங்கள். நீங்கள் மதிப்பிடும் ஆசிரியர் படிப்பிக்காத வகுப்பாக இருக்கட்டும். தன் பிள்ளைகள் என்றால் அவர் கணக்கை அறியாமல் ஆளை அறிந்தே சொல்லிவிடுவார். ஐந்து வினாக்களைத் தெரிவுசெய்யுங்கள். எல்லோரும் சரியாகச் செய்த வினாவோ, எல்லோரும் வெறுமையாக விட்ட வினாவோ பயன்படாது. ஏறக்குறைய மூன்றிலொரு பங்கிலிருந்து பாதி வரை சரியாகச் செய்தவை நல்லது. விடைத்தாளைக் காட்டமுதல் ஆசிரியர் ஒவ்வொரு வினாவுக்கும் மூன்று விடயம் எழுதட்டும்: எத்தனை பேர் சரியாகச் செய்திருப்பார்கள், கூடுதலாக வந்திருக்கக்கூடிய பிழையான விடை எது, அந்தப் பிழைக்குப் பின்னால் உள்ள யோசனை என்ன. பிறகு தாள்களைத் திறந்து சேர்ந்து எண்ணுங்கள். முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடியும்.

முதலாவது எண் பிழைத்தால் பெரிதுபடுத்தவேண்டாம். இரண்டாவதும் மூன்றாவதும்தான் எடை கூடியவை. "கவனயீனம்", "படிக்கிறேல்லை" என்று மூன்றாவது இடத்தில் எழுதுகிறவர், பட்டம் என்னவாக இருந்தாலும், இன்னும் பிள்ளையின் தலைக்குள் எட்டிப்பார்க்கவில்லை. இதை நேர்முகப் பரீட்சை போல நடத்தினால் ஆசிரியர்கள் கோபிப்பார்கள், அது நியாயமும்கூட. கணிதப் பகுதிக் கூட்டமாக வைத்து, அதிபரும் பாட இணைப்பாளரும் தாங்களும் எழுதினால் யாருக்கும் மனம் நோகாது. பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் வினாவாரியாகப் பரீட்சார்த்திகள் எப்படி விடையளித்தார்கள் என்ற விபரம் உண்டு. உள்ளூர் விடைத்தாள் இல்லாவிட்டால் அதை வைத்தும் செய்யலாம்.

இதோடு ஆறு கொப்பி பாருங்கள்: கெட்டிக்காரர் இருவர், நடுத்தரம் இருவர், பின்தங்கியவர் இருவர். பிழை போட்ட இடத்துக்குக் கீழே பிள்ளை திரும்பச் செய்திருக்கிறதா, அதை ஆசிரியர் திரும்பப் பார்த்திருக்கிறாரா என்பது மட்டும் போதும்.

பெறுபேற்றை வைத்து ஆசிரியரை அளக்கும்போது

"அவற்ற வகுப்பில நூறு வீதம் பாஸ்" என்ற பேச்சு நியமனங்களையும் இடமாற்றங்களையும் கூடத் தீர்மானிக்கிறது. முப்பது பேர் வகுப்பில் ஒரு பிள்ளை மூன்று வீதத்துக்கு மேல். இரண்டு பிள்ளை சுகமில்லாமல் இருந்தால் போன வருடத்து "நல்ல" ஆசிரியர் இந்த வருடம் "கூடாத" ஆசிரியர். ஏ பிரிவு, பி பிரிவு என்று புள்ளிப்படி பிரித்து, ஏ பிரிவை ஒருவருக்கே வருடாவருடம் கொடுக்கிற பாடசாலையில் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. தரம் 9 மூன்றாம் தவணைப் புள்ளியை முதல் நிரலிலும் தரம் 11 புள்ளியைப் பக்கத்திலும் எழுதி, ஒவ்வொரு பிள்ளையும் எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். குறைந்தது மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். வெளியே ரியூசன் போகாத பிள்ளைகளின் நிரலைத் தனியாகப் பார்த்தால் வகுப்பறையின் வேலை இன்னும் துலக்கமாகத் தெரியும்.

யாருக்கு எந்த வகுப்பு

இந்தச் சோதனையில் முன்னுக்கு நிற்பவரைத் தரம் 7க்கும் 8க்கும் விடவேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. அதிபர்கள் தயங்குவது விளங்குகிறது. பெற்றோர் பார்ப்பது சாதாரணதரப் பெறுபேற்றை. ஆனால் பின்னம், திசைகொண்ட எண்கள், அட்சரகணிதத்தின் தொடக்கம் மூன்றும் கீழ் வகுப்புகளில்தான் பிழைத்துப்போகின்றன. தரம் 11இல் திருத்தப்படுவது பெரும்பாலும் அங்கே வந்த பிழைகளே. தரம் 10, 11ஐப் பாட அறிவு உறுதியான பட்டதாரிக்குக் கொடுக்கலாம், ஆனால் முதல் வருடமே தரம் 11 வேண்டாம். தரம் 10இல் இரண்டு சமாந்தர வகுப்புகளைக் கொடுத்தால், ஒரே பாடத்தை ஒரு கிழமைக்குள் இரண்டு தடவை எடுத்து, முதல் தடவை பிழைத்ததை இரண்டாவதில் திருத்துவார். அடுத்த வருடம் அதே பிள்ளைகளோடு தரம் 11க்கு ஏறட்டும்.

தீவகத்திலும் மற்றச் சிறிய பாடசாலைகளிலும் கணிதத்துக்கு ஒரே ஓர் ஆசிரியர்தான் என்றால், யார் என்ற கேள்விக்கு இடமில்லை. எப்போது என்ற கேள்விதான் மிச்சம். குறிகட்டுவானில் படகு ஏறி நெடுந்தீவுக்கு வருகிற ஆசிரியருக்குத் திங்கள் முதலாம் பாடவேளையில் தரம் 11 கணிதம் போட்டால், கடல் குழம்பிய கிழமையெல்லாம் அந்தப் பாடவேளை போய்விடும். கிழமைக்கு ஐந்து பாடவேளையில் ஒன்று போனால் அந்தக் கிழமையின் கணிதத்தில் ஐந்திலொரு பங்கு போனதாகும். திங்களில் கணிதத்தை மூன்றாம் பாடவேளைக்குப் பிறகு போடுங்கள். முதலாவதை உள்ளூர் ஆசிரியரின் பாடத்துக்குக் கொடுங்கள். மற்றவரோடு ஒப்பிட ஆளில்லாத அந்த ஆசிரியருக்கு, கிட்டவுள்ள பாடசாலையின் கணித ஆசிரியரோடு தவணைக்கு ஒரு தடவை விடைத்தாள்களை மாற்றிக்கொள்ள ஒழுங்குசெய்யுங்கள். அவருடைய முப்பது தாள் இவரிடம், இவருடைய முப்பது தாள் அவரிடம். ஆசிரிய ஆலோசகர் வருகிற நாளோடு அதைச் சேர்த்து வைத்தால் இரண்டு பாடசாலைக்கும் தனியாக ஒரு நாள் செலவாகாது.